நாக்குக்கு அடியில் வீங்கினால் எல்லாமே ரானுலா இல்லை

நாக்குக்கு அடியில் வீக்கம் என்றதும், உமிழ்நீர் தேங்கிய ரானுலா என்று முடிவுகட்டிவிடும் பழக்கம் எங்கள் மருத்துவத் துறையிலும் உண்டு. அதுதான் அடிக்கடி வரும் என்பதால் தப்பில்லை. ஆனால் ரானுலா பெரும்பாலும் ஒரு பக்கமாக, நீலம் பாரித்து நிற்கும். கட்டி நட்டநடுவில், வெளிர்மஞ்சளாகத் தெரிந்தால் டெர்மாய்டு கட்டியைச் சந்தேகிக்க வேண்டும்.

கருவில் கீழ்த்தாடைப் பகுதி இருபுறமிருந்தும் வந்து நடுவில் இணையும்போது, தோலாக வேண்டிய செல்கள் சில உள்ளே சிக்கிக்கொண்டு இந்த டெர்மாய்டு பையாகின்றன. பிறவிக் கட்டிதான் என்றாலும் பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள்தான் கண்ணில் படும். வலிக்காது. வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் பேச்சு மாறுவதையும் புதிதாக வந்த குறட்டையையும் வீட்டில் உள்ளவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள்.

ஒரு விரலை வாய்க்குள்ளும் மறு கையை மோவாய்க்கு அடியிலும் வைத்து அழுத்திப் பாருங்கள். ரானுலா தண்ணீர்ப் பைபோல் தளும்பும். டெர்மாய்டு பிசைந்த மாவுபோல் குழியும். ஊசியால் உறிஞ்சினால் ரானுலாவில் முட்டை வெள்ளைக்கருபோலக் கோழை வரும். டெர்மாய்டில் பாலாடைக்கட்டிபோல ஏதோ வரும், மெல்லிய ஊசியில் அதுவும் ஏறாது. உறிஞ்சி எடுத்தால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். பை உள்ளேயே இருப்பதால் மறுபடி நிரம்பும். கிருமி தொற்றினால் பை சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொண்டு பிறகு பிரிக்கவே படாதபாடு படுத்தும்.

எம்.ஆர்.ஐ.யில் பார்க்க வேண்டியது, வாயின் அடித்தளமாக விரிந்திருக்கும் மைலோஹையாய்டு தசைக்குக் கட்டி மேலே இருக்கிறதா, கீழேயா என்பது. மேலே இருந்தால் நாக்கைத் தூக்கும்; வாய்வழியாகவே எடுக்கலாம். கீழே இருந்தால் இரட்டைத் தாடைபோல் தொங்கும். கழுத்தில்தான் வெட்ட வேண்டும்.

பெரிய கட்டியில் கத்தியைவிட மயக்கம் கொடுப்பதுதான் சிக்கல். நாக்கு மேலேறி மூச்சு வழியை அடைத்திருப்பதால், நோயாளி விழித்திருக்கும்போதே ஃபைபர் ஆப்டிக் கருவியால் (உள்ளே பார்க்க உதவும் வளையும் குழாய்) மூக்கு வழியாகச் சுவாசக் குழாய் செலுத்துவது பாதுகாப்பானது. நடுக்கோட்டில் சளிப்படலத்தை மட்டும் வெட்டி, இருபுறமும் உள்ள உமிழ்நீர்க் குழாய்களையும் நாக்கு நரம்பையும் விலக்கி, மழுங்கிய கருவியால் பையை ஒட்டியே பிரிக்க வேண்டும். பையின் சுவர் தடிமனானது, அவசரப்படாவிட்டால் உடையாது. முழுசாக வந்துவிட்டால் மறுபடி வருவது அபூர்வம். எடுத்ததைப் பயாப்சிக்கு, அதாவது திசுப் பரிசோதனைக்கு, அனுப்புங்கள். மயிர்க்கால், எண்ணெய்ச் சுரப்பி இருந்தால் டெர்மாய்டு, வெறும் தோல் படலம் மட்டும் என்றால் எபிடெர்மாய்டு.

அறுவை முடிந்த அன்றிரவு தலையை உயர்த்தியே படுக்க வைக்க வேண்டும். உள்ளே ரத்தம் கட்டினால் வாயின் அடித்தளம் உப்பி, நாக்கைப் பின்னே தள்ளி மூச்சை அடைக்கும். எச்சில் விழுங்க முடியவில்லை என்று நோயாளி சைகை காட்டினால் உடனே தையலைப் பிரித்துப் பாருங்கள்.