மெட்டாதெசிஸைச் சிதைவு என்று எழுதாதீர்கள்

கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்புள்ள ஹைட்ரோகார்பன்களே ஒலிஃபீன்கள். அவை தம் பாதிகளை ஒன்றோடொன்று மாற்றிக்கொள்ளும் வினை ஒலிஃபீன் மெட்டாதெசிஸ். அதற்கு ‘ஒலிஃபீன் இரட்டைச் சிதைவு’ என்ற மொழிபெயர்ப்பு மறுபடியும் கண்ணில் பட்டது. இது தவறு.

மூலச்சொல் கிரேக்கம், இடம் மாற்றி வைத்தல் என்று பொருள். மொழியியலிலும் இதே சொல்தான். தசை சதையானதையும் சிவிறி விசிறியானதையும் நம் இலக்கணத்தார் எழுத்து நிலைமாறுதல் என்றார்கள். ஒலிஃபீன் வினைக்கு இந்தப் பெயரை 1967-இல் சூட்டியவர் வேதியியலாளர் கால்டெரன்.

‘இரட்டைச் சிதைவு’ கரைசலில் இரண்டு உப்புகள் அயனிகளை மாற்றிக்கொள்வதற்கான பழைய பாடநூல் சொல். அங்கேயே அது அரைகுறைப் பொருத்தம்தான். ஒலிஃபீனுக்கு அறவே ஒட்டாது. இரண்டு புரோப்பீன் சேர்ந்தால் ஓர் எத்தீனும் ஒரு 2-பியூட்டீனும் வருகின்றன. ஆறு கார்பன் உள்ளே போய் ஆறும் வெளியே வருகின்றன. இரட்டைப் பிணைப்பும் முன்போலவே இரண்டு. வினையைத் திருப்பி ஓட்டினால் புரோப்பீனே கிடைக்கும், ஆலைகளில் அப்படியும் ஓட்டுகிறார்கள். இதில் எது சிதைந்தது? கோலாட்டத்தில் ஆள் மாறுவதுபோல இணைதான் மாறுகிறது. ஆகவே ‘இணைமாற்றம்’ என்பதே சரி. ‘நிலைமாற்றம்’ வேண்டாம், பனிக்கட்டி நீராவதற்கு அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். சமன்பாட்டை ஒருமுறை எழுதிப் பார்த்திருந்தால் எந்த மொழிபெயர்ப்பாளரும் சிதைவு என்று எழுதியிருக்கமாட்டார். அகராதியின் முதல் சொல்லை அப்படியே எடுத்துப் போடும் பழக்கம் அறிவியல் தமிழைப் படிக்க முடியாததாக்குகிறது.

‘சிதைவு’ என்ற சொல்லின் கேடு இவ்வினையின் வினையூக்கியைப் பற்றி எழுதும்போது இன்னும் கூடுகிறது. ‘ஆக்சைடு சிதைந்து வினையூக்கியாகிறது’ என்று படிப்பவர் என்ன புரிந்துகொள்வார்? அத்தகைய வினையூக்கியான, சிலிக்காத் தாங்கியின் மேல் பரப்பிய டங்ஸ்டன் ஆக்சைடை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் டங்ஸ்டனைச் சுற்றி ஆக்சிஜன் மட்டுமே. ஆனால் பிரெஞ்சு வேதியியலாளர்கள் ஷோவனும் எரிசோனும் 1971-இல் முன்வைத்த வழிமுறைப்படி, வினை சுழல உலோகத்துக்கும் கார்பனுக்கும் இடையே இரட்டைப் பிணைப்பு வேண்டும். அந்தக் கார்பனைத் தருவது ஒலிஃபீனேதான். சூட்டில் அது வந்து மோதும்போது சில டங்ஸ்டன் அணுக்கள் ஆக்சிஜனை விட்டுக் கார்பனைப் பற்றுகின்றன. எந்த வழியாக என்பதில் ஆய்வாளர்கள் ஒருமனப்படவில்லை. ஒலிஃபீனின் ஒரு கார்பனோடு சேர்ந்து ஆக்சிஜன் ஆல்டிகைடு என்ற சேர்மமாக வெளியேறுகிறது என்பது ஒரு விளக்கம். பரப்பிலுள்ள டங்ஸ்டனில் சிறு பங்குதான் இப்படி வினையை நடத்தும் செயல்படு மையமாகிறது. இதே வினைக்கான இன்னொரு வினையூக்கியான, அலுமினா மேலுள்ள ரீனியம் ஆக்சைடு அறை வெப்பநிலையிலேயே வேலை செய்யும்; டங்ஸ்டனுக்கு ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும்.

அந்த ஆல்டிகைடு விளக்கத்தை ஏற்றால், ஒலிஃபீன்கள் இணை மாற்றுவதற்கு முன் உலோகமே தன் இணையை மாற்றிக்கொள்கிறது. இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. இணைமாற்ற வினையூக்கி, குறுக்கு இணைமாற்றம், வளையத்திறப்பு இணைமாற்றப் பலபடியாக்கம் என்று அடுத்த தொடர்களும் இதிலிருந்தே தடையில்லாமல் பிறக்கின்றன.