சிவப்புக் கோடு: அறிவித்தால் மட்டும் போதுமா?

"இதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைத்தால் பொறுத்துக்கொள்ள மாட்டோம்" என்று ஒரு நாடு மற்றொரு நாட்டை எச்சரிப்பதைத்தான் செய்தித் தொலைக்காட்சிகள் சிவப்புக் கோடு என்கின்றன. கோட்டைத் தாண்டினால் போர், தாண்டாவிட்டால் அமைதி என்று விவாதங்களில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பன்னாட்டு உறவுகளைக் கற்பிப்பவன் என்ற முறையில் எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடில்லை. அந்த எச்சரிக்கை யார் வாயால், எந்த வழியாக எதிர்த்தரப்பைச் சென்றடைகிறது, சென்றடைந்தபின் அங்கே நம்பப்படுகிறதா என்பதைப் பொறுத்தே ஆபத்து அமைகிறது.

மாணவர்களை இரு அணிகளாகப் பிரித்து, தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, கற்பனையான எல்லைத் தகராறு ஒன்றைக் கையாளச் சொல்வது எங்கள் துறையில் வழக்கமான பயிற்சி. ஓர் அணி கடுமையான எச்சரிக்கையை எழுதி அனுப்பும். எழுதியவர்களுக்கு அதன் தெளிவில் துளியும் ஐயம் இருக்காது. அடுத்த அறையில் அதே தாளை வைத்துக்கொண்டு, இது உள்நாட்டு மக்களுக்காகச் சொன்னதா, பேரம் பேசவா, வெற்று மிரட்டலா என்று விவாதிப்பார்கள். கடைசியில் தங்கள் திட்டத்தை மாற்றிக்கொள்ளத் தேவையில்லாத விளக்கத்தையே பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள். மாணவர்கள்தானே என்று சிரித்துவிட்டுப் போக முடியாது, ஏனெனில் 1950இல் வல்லரசுகளும் இதையேதான் செய்தன.

அந்த ஆண்டு ஜூன் 25இல் வட கொரியா தெற்கின் மீது படையெடுத்தது. செப்டம்பரில் இன்சோனில் தரையிறங்கிய அமெரிக்கத் தலைமையிலான ஐ.நா. படை போரின் போக்கைத் திருப்பியது. இரு கொரியாக்களையும் பிரித்த 38ஆவது அட்சக்கோட்டை அது தாண்டி வடக்கே செல்லுமா என்பதே அப்போதைய கேள்வி. அக்டோபர் 3ஆம் தேதி, நள்ளிரவு கடந்த வேளையில், பெய்ஜிங்கில் இருந்த இந்தியத் தூதர் கே.எம். பணிக்கரைச் சீனப் பிரதமர் சூ என்லாய் தம் இல்லத்துக்கு அழைத்தார். தென் கொரியப் படைகள் மட்டும் தாண்டினால் அது வேறு விஷயம், அமெரிக்கப் படைகள் தாண்டினால் சீனா தலையிடும் என்பதே அவர் சொன்ன செய்தி. அமெரிக்காவுக்கும் புதிய சீன அரசுக்கும் தூதரக உறவு இல்லாததால், அது டெல்லி வழியாகச் சுற்றித்தான் வாஷிங்டனை எட்டியது.

அங்கே செய்தியைவிட அதைக் கொண்டுவந்தவரே அதிகம் எடைபோடப்பட்டார். பணிக்கர் சீனாவின்பால் சாய்ந்தவர் என்ற எண்ணம் அமெரிக்க அதிகாரிகளிடம் இருந்தது, கொரியா குறித்த ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுப்பு நெருங்கியிருந்ததால், சபையை மிரட்டும் முயற்சி என்றே அதிபர் ட்ரூமன் அதைக் கருதினார். அக்டோபர் 15இல் வேக் தீவில் ட்ரூமனைச் சந்தித்த ஐ.நா. படைத் தளபதி ஜெனரல் மெக்ஆர்தர், சீனா தலையிட வாய்ப்பு மிகக் குறைவு என்றார். நான்கு நாள் கழித்துச் சீனப் படைகள் வட கொரிய எல்லையான யாலு ஆற்றைக் கடக்கத் தொடங்கின. 1953 ஜூலை 27இல் போர்நிறுத்தம் கையெழுத்தானபோது, எல்லை ஏறக்குறைய போர் தொடங்கிய இடத்திலேயே வந்து நின்றது.

பழியை வாஷிங்டன் மீது மட்டும் போட்டுவிட எனக்கு மனமில்லை. சீனா தன் படைகளை இரவில், மறைவாக நகர்த்தியது. ராணுவக் கண்ணோட்டத்தில் அது கெட்டிக்காரத்தனம். ஆனால், எச்சரிக்கை மெய்யானது என்பதற்குக் காட்டக்கூடிய ஒரே சான்றையும் அது மறைத்துவிட்டது.

நேர்மாறான சூழலும் உண்டு. 2012 ஆகஸ்டில் சிரியாவின் ரசாயன ஆயுதங்கள் குறித்துச் சிவப்புக் கோடு என்று அப்போதைய அமெரிக்க அதிபர் ஒபாமா செய்தியாளர்கள் முன் சொன்னது உலகுக்கே கேட்டது. ஓராண்டில், சிரியத் தலைநகர் டமாஸ்கஸை ஒட்டிய கூட்டா பகுதியில் சாரின் நச்சு வீசப்பட்டபோது, சொன்ன சொல்லில் அவரே சிக்கினார். ராணுவத் தாக்குதலுக்குப் பதிலாக ரஷ்யாவுடன் உடன்பாடு ஏற்பட்டு, சிரியா அறிவித்த சுமார் 1,300 டன் ரசாயனங்கள் அகற்றப்பட்டன. இதைக் கோழைத்தனம் என்போர் பலர். எனக்கு அது பாதி வெற்றி. மீதிப் பாதி, 2017இல் சிரியாவின் கான் ஷேக்கூன் நகரில் மீண்டும் சாரின் பயன்படுத்தப்பட்டபோது வெளிப்பட்டது.

தைவான் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது வேறொன்று. சீனா தனதென்று உரிமை கோரும் அந்தத் தீவுக்கு 2022 ஆகஸ்டில் அப்போதைய அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தலைவர் நான்சி பெலோசி சென்றுவந்ததும், கண்டனத்தைக் காட்டும் விதமாக அமெரிக்கத் தளபதிகளுடனான பேச்சைச் சீனா நிறுத்தியது. பதற்றம் ஏறும்போதுதான் பேசும் வழி மிகவும் தேவை. அதைத்தான் முதலில் துண்டிக்கிறார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பின் சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்திவைத்தது. தங்களுக்குரிய நீரைத் தடுத்தாலோ திருப்பினாலோ அது போர் நடவடிக்கையாகக் கருதப்படும் என்று மறுநாளே பாகிஸ்தான் அறிவித்தது. மே மாத மோதலுக்குப் பின், இனியொரு பயங்கரவாதத் தாக்குதல் நடந்தால் தக்க பதிலடி உண்டு, அணு ஆயுத மிரட்டலுக்குப் பணிய மாட்டோம் என்று பிரதமர் மோடி உரையாற்றினார். இந்த இரு கோடுகளையும் தாண்டுவது எப்போதும் எதிர் அரசாகவே இருக்க வேண்டியதில்லை. ஒன்றைத் துப்பாக்கி ஏந்திய ஒரு சிறு கும்பல் தாண்டலாம். மற்றொன்றைப் பொய்த்துப்போன மழையே தாண்டியதுபோல் காட்டிவிடும்.

அந்த மோதல் மே 10இல் ஓய்ந்தது, இரு ராணுவங்களின் நடவடிக்கைத் தலைமை இயக்குநர்கள் தொலைபேசியில் பேசிய பிறகுதான். அணு நிலையங்களின் பட்டியலை ஆண்டுதோறும் ஜனவரி 1இல் பரிமாறிக்கொள்ளும் வழக்கமும் 1992 முதல் இருந்துவருகிறது. நீருக்கும் அப்படியோர் ஏற்பாடு இருந்தது: 1960 ஒப்பந்தப்படி இரு நாட்டு ஆணையர்கள் வழியாக நீரோட்டத் தரவுகள் கைமாறின. சேனாப் நதியில் உள்ள பக்லிஹார், சலால் அணைகளில் வண்டலை அகற்ற மதகுகளை மூடித் திறந்தாலும் சரி, மலையில் பனி குறைந்தாலும் சரி, கீழே பாகிஸ்தானின் மராலா தடுப்பணையில் இருப்பவர் கண்ணுக்கு நீர் குறைந்தது மட்டுமே தெரியும். காரணத்தைத் தெரிவிக்கும் அந்த வழி ஒப்பந்தத்தோடு நின்றுபோனதால்தான், 2025 ஆகஸ்டில் வெள்ள எச்சரிக்கையைக்கூட இந்தியா தன் தூதரகம் மூலமாக அனுப்ப வேண்டியிருந்தது.