சாமந்தியும் கால் பெருவிரலும்

"அப்பாவுக்கு யூரிக் ஆசிட் 8.4. ஆன்லைனில் சீன மூலிகை கேப்சூல் ஒன்று கிடைக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நிறுத்தாதீர்கள். ஆனாலும் அந்தக் கேப்சூலை வெறும் புல்பூண்டு என்று நான் ஒதுக்கிவிட மாட்டேன்.

பள்ளிப் பாடத்தை வேகமாகத் தாண்டிவிடுவோம். செல்கள் சிதையும்போதும், ஈரல், மத்தி மீன் போன்றவற்றைச் சாப்பிடும்போதும் பியூரின் என்னும் வேதிப்பொருள் சேரும். அது ஹைப்போசாந்தீன், சாந்தீன் என்று படிப்படியாக மாறி யூரிக் அமிலமாகும். ரத்தத்தில் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் ஊசி ஊசியாகப் படியத் தொடங்கலாம். உடம்பின் குளிர்ந்த ஓரங்களில் அது இன்னும் குறைவாகவே கரையும். இந்தப் படிவுகளால் வரும் மூட்டுவலிதான் கவுட். அதில் கால் பெருவிரல் முதலில் மாட்டிக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசி இரண்டு படிகளையும் நடத்துவது ஒரே நொதி, சாந்தீன் ஆக்சிடேஸ். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பசும்பாலில் இது தாராளமாக உண்டு. ஆய்வுக்கூடங்கள் பாலிலிருந்தே பிரித்தெடுக்கின்றன. இதன் மையத்தில் ஒரு மாலிப்டினம் அணு. சாந்தீனோடு அது சேர்க்கும் ஆக்சிஜன் காற்றிலிருந்து வருவதில்லை, தண்ணீரிலிருந்து வருகிறது! காற்றின் ஆக்சிஜனுக்கு மிஞ்சிய எலக்ட்ரான்களைச் சுமக்கும் வேலைதான். மாலிப்டினத்தை நெருங்கும் வழியோ குறுகிய சந்து. இருபுறமும் ஃபீனைல்அலனின் அமினோ அமிலங்களின் வளையங்கள் சுவர்போல நிற்கின்றன. கட்டிய சுவடிக்குள் இன்னோர் ஓலையைச் செருகுவதுபோல, தட்டையான மூலக்கூறுதான் அங்கே நுழைய முடியும்.

சாந்தீன் தட்டை. அந்தச் சந்தை அடைத்து யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால் மாத்திரையும் தட்டை. செடிகளில் உள்ள ஃபிளேவனாய்டுகள் சிலவும் அப்படியே. அவற்றின் இரண்டாவது, மூன்றாவது கார்பன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு இருந்தால் மூலக்கூறு ஓலைபோல நீட்டி நிற்கும். அது போனால் வளையம் மடங்கிவிடும், சந்தில் சரியாகப் பொருந்தாது. ஒரே ஒரு பிணைப்பு! 2000இல் சீன ஆய்வாளர்கள் தங்கள் மரபு மருத்துவத்தின் 122 செடிகள் இந்த நொதியைத் தடுக்கின்றனவா என்று சோதித்தபோது, சீன லவங்கப்பட்டை மரத்தின் சிறு கிளைகள் முதலிடத்திலும் காட்டுச் சாமந்தி அடுத்தும் வந்தன. சாமந்தியில் லூட்டியோலின் உண்டு, தட்டையான ஃபிளேவனாய்டு. 2014இல் எக்ஸ்ரே படிகப் படம் ஒன்று, நம் வெங்காயத்திலும் உள்ள குவெர்செடின் அந்த இரு வளையங்களுக்கு நடுவே செருகிக் கிடப்பதைக் காட்டியது.

சோதனைக் குழாயில் எல்லாம் சரி. அங்கேயே அல்லோபியூரினாலைவிடப் பல மடங்கு அதிகச் சாறு தேவைப்பட்டது. வயிற்றுக்குள் போனால் குடலும் கல்லீரலும் இந்த ஓலையின்மேல் குளுக்குரோனிக் அமிலத்தை ஒட்டி அனுப்பிவிடுகின்றன. முதுகில் மூட்டையோடு சந்தில் எப்படி நுழைவது? 22 ஆண்களுக்கு 4 வாரம் தினமும் 500 மில்லிகிராம் குவெர்செடின் கொடுத்துப் பார்த்த ஆய்வில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு அரை மில்லிகிராமுக்கும் குறைவாகவே இறங்கியது. உங்கள் அப்பாவுக்கும் அதே அளவு இறங்கினால் 8.4 என்பது 8 ஆகும்.

எலிகளில் மட்டும் அற்புதங்கள் நடக்கின்றன. எலிக்கு யூரிக் அமிலத்தை உடைக்கும் யூரிகேஸ் நொதி உண்டு. நமக்கு அந்த மரபணு என்றோ பழுதாகிவிட்டது. எனவே மருந்து கொடுத்து அந்த நொதியை முடக்கி, அமிலத்தை ஏற்றி, பிறகு மூலிகையால் இறக்கிக் காட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் கொஞ்சத்தை ஒழுங்கான மனித ஆய்வுகளுக்குத் திருப்பினால் என்ன என்பது என் நெடுநாள் ஆற்றாமை. சீனர்கள் கவுட்டுக்குத் தரும் து-ஃபு-லிங் கிழங்கு நம் நாட்டு மருந்துக் கடைப் பறங்கிப்பட்டைக்கு நெருங்கிய உறவு. அதன் முக்கியப் பொருளான அஸ்டில்பினில் அந்த இரட்டைப் பிணைப்பு இல்லை. எலிகளில் அது வேலை செய்வது பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியாக இருக்கலாம். மனிதர்களில் சோதிக்கத் தகுந்த கேள்விதானே?

"மூலிகைதானே, என்ன செய்துவிடும்" என்ற பேச்சுதான் எனக்குப் பொறுக்காது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைக்கக் கொடுத்த சீன மூலிகை மாத்திரையில் ஒரு வேருக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா இனத்து வேர் கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகம் கெட்டது. யூரிக் அமிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை வெளியே தள்ளுவது அந்த உறுப்புதான்.