குதிரை முதுகில் எடை எங்கே உட்காருகிறது?

கொடைக்கானல் ஏரிக்கரையில் வாடகைக்கு நிற்கும் குதிரைகளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பிடரி முடி முடிந்து முதுகு தொடங்கும் தோள்மேட்டில், செம்பழுப்பு உடம்பின் நடுவே சில குதிரைகளுக்கு ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளை முடி தெரியும். பெரும்பாலும் அது பிறவி மச்சம் இல்லை. சேணத்தின் ஏதோ ஒரு விளிம்பு அதே இடத்தைத் திரும்பத் திரும்ப அழுத்தியதில், முடிக்கு நிறம் கொடுக்கும் செல்கள் செத்துப்போன அடையாளம்.

பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை, வெள்ளகவி வழியாகக் கொடைக்கானல் ஏறும் பழைய மலைப்பாதை இன்னமும் இருக்கிறது. மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் ஆட்களும் சாமான்களும் ஏறியது அந்த வழியில்தான். அதற்குப் பிறகும் வெள்ளகவிக்காரர்களின் அரிசி, பருப்பு நெடுங்காலம் குதிரை முதுகில்தான் போயிற்று. இப்போது மதுரைப் பக்கம் மலையேறும் பிள்ளைகள் பொதிக்குதிரையோடு பல நாள் பயணம் போக ஆசைப்படுகிறார்கள். எந்தக் கூடாரம் வாங்கலாம், எந்த அடுப்பு நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். முதலில் கவனிக்க வேண்டியது அந்த வெள்ளைத் திட்டைத்தான் என்பது என் கருத்து. மூட்டை மொத்தம் எத்தனை கிலோ என்பதைவிட, அந்த எடை முதுகில் எங்கே, எவ்வளவு பரப்பில் உட்காருகிறது என்பது முக்கியம்.

குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்களுக்கும் மார்புக்கூட்டுக்கும் நடுவே எலும்பு இணைப்பே இல்லை. இரண்டு கால்களுக்கும் இடையில் மார்பு, தசைகளால் கட்டிய தொட்டில் போலத் தொங்குகிறது. போதாக்குறைக்கு, சும்மா நிற்கும்போதே உடம்பின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் விழுகிறது. முதுகெலும்பில் விலா எலும்புகள் தாங்கும் பகுதி 18 கண்டங்கள். அதற்குப் பின்னால் இருக்கும் இடுப்புப் பகுதிக்குக் கீழே விலா இல்லை. ஆகவே சேணம் தோள்பட்டை எலும்பு அசைய இடம் விட்டுத் தொடங்கி, கடைசி விலாவைத் தாண்டாமல் முடிய வேண்டும். நம் ஊர்க் குதிரைகள் சின்ன உடம்பு கொண்டவை. பெரிய குதிரைக்குச் செய்த சேணத்தை அவற்றின் மேல் போட்டால், பின்பக்கம் இடுப்பில் ஏறிக்கொள்ளும்.

எவ்வளவு ஏற்றலாம்? அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2008-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், குதிரைகளின் உடல் எடையில் 15, 20, 25, 30 சதவீதம் என்று ஏற்றிப் பார்த்தார்கள். 25-ஐத் தொட்டதும் இதயத் துடிப்பு ஏறியது, தசைவலியின் அறிகுறிகள் கூடின. 20 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 300 கிலோ குதிரை என்றால் 60 கிலோ. அதில் சேணம், மெத்தை, பைகள் எல்லாம் சேர்த்து 15 கிலோ போய்விடும். மீதி 45 கிலோதான் உங்கள் சாமான். மேலே உட்காரும் மனிதர் மேட்டில் முன்னால் குனிவார், பள்ளத்தில் பின்னால் சாய்வார். மூட்டைக்கு அந்தப் புத்தி கிடையாது. அதனால் பொதிக்கு இந்த எல்லையை நெருங்காமல் இன்னும் கொஞ்சம் குறைத்தே வைக்கலாம்.

இந்த 60 கிலோவை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சேணத்தின் அடியில் முதுகெலும்புக்கு இரு பக்கமும் படியும் பலகைகள் ஒவ்வொன்றும் 15 செ.மீ. அகலம், 50 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 1,500 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீ.க்கு 40 கிராம் எடை விழும். மனிதத் தோலின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ரத்தம் ஓடும் அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம். அதைக் கிராமாக மாற்றினால் சதுர செ.மீ.க்கு 43 வரும். வெளியிலிருந்து அதைவிட அதிகமாக அழுத்தினால் குழாய் மூடிக்கொள்ளும், அந்த இடத்துக்கு ரத்தம் போகாது. குதிரைத் தோலின் கணக்கு கொஞ்சம் முன்பின் இருக்கலாம், விஷயம் ஒன்றுதான். பலகை முழுக்கப் படிந்தால் சமாளிக்கலாம். முதுகின் வளைவுக்குப் பொருந்தாமல் இரு முனைகள் மட்டும், அதாவது மூன்றில் ஒரு பங்கு மட்டும் தொட்டால், அதே 60 கிலோ சதுர செ.மீ.க்கு 120 கிராம் ஆகிவிடும். நடக்கும்போது குலுங்குவது தனி. எடையில் ஒரு கிலோகூடக் கூடவில்லை, அழுத்தம் மூன்று மடங்கு.

பொருத்தமாக இருக்கிறதா என்பதைக் குதிரையே காட்டிக்கொடுக்கும். ஒரு மணி நேரம் நடந்தபின் சேணத்தை இறக்கிவிட்டு முதுகைப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே சீராக வியர்த்து நனைந்திருந்தால் சரி. நனைந்த இடத்தின் நடுவே ஒரு காய்ந்த திட்டு இருந்தால், அங்கே அழுத்தம் தாங்காமல் வியர்வைச் சுரப்பிகளே வேலை செய்யவில்லை என்று பொருள். அந்தத் திட்டுதான் பின்னாளில் வெள்ளை முடி. நடுவில் முதுகெலும்பின் மேல் மட்டும் காற்றோட்டமாக இடைவெளி இருக்க வேண்டும், அங்கே எதுவும் தொடக்கூடாது. அமெரிக்காவின் மேற்கு மலைகளில் இரண்டு வகைப் பொதிச்சேணம் புழக்கத்தில் இருக்கிறது: பெருக்கல் குறி போன்ற இரண்டு மரச் சட்டங்கள் வைத்த சாபக், இரும்பு வளையங்கள் வைத்த டெக்கர். மேலே இருப்பது எதுவானாலும், அடியில் இருக்கும் பலகையை அந்தக் குதிரைக்கென்று இழைத்துப் பொருத்தத் தெரிந்த தச்சர் கிடைப்பதுதான் பெரிய விஷயம். மெத்தைக்குக் கம்பளி நல்லது. ஈரத்தை உறிஞ்சிய பிறகும் அது நசுங்கித் தட்டையாகிவிடாது. ரப்பர் ஃபோம் மட்டும் போட்டால் சூடு வெளியேறாமல் தோல் புழுங்கும்.

அடுத்து சமநிலை. வலப்பக்கம் 22, இடப்பக்கம் 20 என்று ஏற்றினால், அந்த இரண்டு கிலோ சேணத்தை நாள் முழுக்க ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். வழுக்காமல் இருக்க வயிற்று வாரை இறுக்குவீர்கள், மூச்சு விடக் குதிரைக்குச் சிரமமாகும். அதனால் விலை உயர்ந்த கூடாரத்துக்கு முன்னால் ஒரு கொக்கித் தராசு வாங்குங்கள். தினமும் காலையில் இரண்டு பையையும் தூக்கி நிறுத்துப் பார்த்து ஏற்றுங்கள். கனமான சாமான் பையின் அடியில், குதிரையின் உடம்பை ஒட்டி இருக்கட்டும். உச்சியில் கனம் ஏறினால் பாறைப்படியில் கால் வைக்கும்போது மொத்தப் பொதியும் ஆடும். மேட்டில் பின்னுக்கும் இறக்கத்தில் முன்னுக்கும் சேணம் நழுவும் என்பதால் மார்புக்கு ஒரு வார், பின்தொடையைச் சுற்றி ஒரு வார் இரண்டும் வேண்டும். கயிற்றில் போடும் முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். குதிரை சரிந்து விழுந்தால் முடிச்சோடு மல்லுக்கட்ட நேரம் இருக்காது.

சத்தமும் ஒரு சுமைதான். நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், குதிரைக்கு ஏறத்தாழ 33 வரை கேட்கும். பாத்திரம் உரசும் கீச்சொலி நம்மைவிட அதற்குத்தான் கூர்மையாக விழும். ஆகையால் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பாத்திரங்களை வாங்கி, இடையில் துணி சுற்றுங்கள். மொடமொடவென்று ஓசை எழுப்பும் பிளாஸ்டிக் தார்ப்பாயைவிடக் கித்தான் துணி கனம்தான், ஆனால் காற்றடிக்கும்போது குதிரை மிரளாது. மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் உயர வித்தியாசம் 2,000 மீட்டர். ஒவ்வொரு ஆயிரத்துக்கும் ஆறு ஆறரை டிகிரி குளிரும். மேலே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு லேசில் வேகாது. சின்ன குக்கர் ஒன்று எடுத்துப்போனால் எரிபொருள் மிச்சம். விறகு மூட்டும் எண்ணமே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். போதைப்புல் என்னும் மலைப்புல் காய்ந்து கிடக்கும் சரிவில் தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்பதைத் தேனி மாவட்டத்துக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.

எல்லோரும் விட்டுவிடும் சாமான் உப்பு. நம் வியர்வையில் ரத்தத்தைவிட உப்புக் குறைவு. அதனால் வியர்க்க வியர்க்க ரத்தத்தில் உப்பின் அடர்த்தி ஏறும், மூளை அதைக் கண்டுபிடித்துத் தாகத்தைக் கிளப்பும். குதிரையின் வியர்வையில் ரத்தத்துக்குச் சமமான உப்பு, சில நேரம் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். தண்ணீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால் அடர்த்தி ஏறுவதில்லை. உடம்பு வறண்டிருந்தும் ஓடையருகே நின்று குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். 'தாகம் இல்லை போல' என்று நாமும் நடையைக் கட்டிவிடுவோம். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டுப் பாருங்கள்; சட்டென்று படியாமல் மடிப்பாகவே நின்றால் நிலைமை சரியில்லை. தீனியில் கல்லுப்புக் கலந்து கொடுத்தால் தாகம் திரும்பும்.

பாண்டிய நாட்டுக்குக் கடல் வழியாகக் குதிரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கியதையும், வளர்க்கத் தெரியாமல் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போனதையும் 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்கோ போலோ குறித்து வைத்திருக்கிறார். வேகவைத்த சோறும் இறைச்சியும் தின்னக் கொடுத்தார்களாம். இந்த வெக்கையில் குதிரை வளர்ப்பது அன்றைக்கே தனி அறிவு கேட்ட வேலை.

தீனிக் கணக்கு எளிது, கறாரானதும்கூட. 300 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு ஆறு கிலோ உலர்தீனி வேண்டும். 45 கிலோவும் தீனியாகவே ஏற்றினாலும் எட்டாம் நாள் பை காலி. ஆகவே நீண்ட பயணத்தை வழியில் தீனி கிடைக்கும் ஊர்களை வைத்துத்தான் திட்டமிட வேண்டும். காட்டில் இஷ்டத்துக்கு மேய விட முடியாது. நம் பக்கத்து மலைகளில் பெரும்பகுதி சரணாலயமும் புலிகள் காப்பகமும்தான். உள்ளே போகவும் இரவு தங்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். மதுரைக் கீழமாசி வீதி மொத்தக் கடையில் கொள்ளு வாங்கும்போது இன்னொன்றையும் யோசியுங்கள். முழு விதைகளில் சில குதிரைக் குடலைத் தாண்டியும் முளைக்கும். சாணத்தோடு விழும் களைவிதை மலையில் வேர்பிடித்தால் பிடுங்கி மாளாது. அமெரிக்காவின் பல தேசியக் காடுகளில் களைவிதை இல்லாத தீனி என்று சான்று பெற்றதைத்தான் கொண்டுபோக வேண்டும். நமக்கு அந்தச் சான்று முறை இல்லாவிட்டாலும், கொள்ளைப் புடைத்துக் கல், களைவிதை நீக்கி, வேகவைத்துக் கொடுக்கலாம்; காய்ந்த புல்லைத் தட்டி உதறி, கதிர் முற்றாததாகப் பார்த்து எடுத்துப்போகலாம்.