பதினேழு வயதில் அளக்கும் உயரம்: ஹொக்கி வீரர் தெரிவில் உடலும் திறனும்

வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை ஐஸ் ஹொக்கி லீக்கான என்.எச்.எல்.லில் முதலாண்டு வீரர்களுள் சிறந்தவருக்கு வழங்கப்படும் கால்டர் விருதுக்கு 2025ஆம் ஆண்டில் மூவர் இறுதிப் பட்டியலில் இருந்தனர். அவர்களில் மக்லின் செலப்ரினி, அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தெரிவு செய்யும் டிராஃப்டில் 2024இல் முதலாவதாக அழைக்கப்பட்டவர்; அவர் அங்கே இருந்ததில் வியப்பில்லை. மற்ற இருவரின் கதை வேறு. தற்காப்பு வீரர் லேன் ஹட்சனை 2022இல் முதல் 61 இடங்களில் எந்த அணியும் அழைக்கவில்லை; 62ஆவதாகவே மொன்றியல் அணி எடுத்தது. கோல் காப்பாளர் டஸ்டின் வுல்ஃப், 217 பேர் தெரிவான 2019 டிராஃப்டில் 214ஆவதாகக் கல்கரி அணிக்குப் போனார். இருவரும் பின்தள்ளப்பட்டதற்கு அன்று சொல்லப்பட்ட முதற்காரணம் அவர்களின் உடலளவுதான். வுல்ஃபின் உயரம் 6 அடி. தெருவில் நடந்தால் உயரமானவர் என்றே எவரும் சொல்வர். கோல் காப்பாளர்களின் வரிசையில் நிறுத்தினால் மட்டும் அவர் குள்ளம். விருது ஹட்சனுக்குக் கிடைத்தது. அந்தப் பருவத்தில் அவர் எடுத்த 66 புள்ளிகளில் 60, பிறர் கோல் போட அவர் வழிசெய்து கொடுத்தவை.

ரொறன்ரோப் பெரும்பாகத்தில் வளரிளம் பருவ விளையாட்டு வீரர்களுக்கு இயன்மருத்துவம் செய்பவன் என்ற முறையில், அணிகள் செய்யும் இந்தக் கணக்கின் கீழ்ப்படியை நான் அன்றாடம் காண்கிறேன். என்.எச்.எல். தெரிவு பதினெட்டு வயதை ஒட்டி நடப்பது. ஆனால் ஒன்ராறியோ இளையோர் லீக் தன் வீரர்களை 15, 16 வயதிலேயே தெரிவு செய்துவிடுகிறது. அதற்கும் முன்பு, உயர்மட்டச் சிறுவர் அணிகளுக்கான தேர்வில், பதின்மூன்று வயதுப் பையன்களை உடலைப் பார்த்து ஒதுக்கும் வழக்கம் இருக்கிறது. முழங்கால் வலிக்கென்று மகனைக் கூட்டி வரும் தமிழ்ப் பெற்றோர், சிகிச்சை முடிந்து எழும்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வியும் அதுதான்: “எங்கட வீட்டில எல்லாரும் கட்டைதானே, இவன் இதில முன்னுக்கு வருவானா?”

உடலளவுக்கு மதிப்பே இல்லை என்று ஆறுதல் சொல்வது நேர்மையாகாது. 6 அடி 9 அங்குலம் உயரமான தற்காப்பு வீரர் ஸ்டெனோ சாரா மட்டையை நீட்டினால், எதிரணி வீரர் பக்கை (ஆட்டத்தில் அடிக்கப்படும் ரப்பர் வட்டை) நகர்த்துவதற்கு மிஞ்சிய வெளி மிகக் குறைவாக இருந்தது. பக்கச் சுவரோரம் இருவர் பக்குக்காக நெருக்கும்போதும், கோலின் முன்னால் இடம் பிடிக்கும்போதும் எடை பேசும். பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் பிளே ஓஃப் ஆட்டங்களில் நடுவர்கள் சற்றுத் தாராளமாக விட்டுவிடுகிறார்கள் என்பது நெடுங்காலப் புகார். அப்போது வலுவான உடல் இன்னும் கூடுதலாக உதவும். இன்றைய என்.எச்.எல். வீரரின் சராசரி உயரம் ஏறத்தாழ 6 அடி 1 அங்குலம், எடை 200 இறாத்தலை ஒட்டியது. ஆகவே தேர்வாளர்கள் உயரத்தைப் பார்ப்பதில் எனக்குக் குறையில்லை. எந்த வயதில் பார்க்கிறார்கள், அதை என்னவென்று புரிந்துகொள்கிறார்கள் என்பதில்தான் குறை.

ஆண்பிள்ளைகளின் உயர வளர்ச்சி அதன் உச்ச வேகத்தை அடைவது சராசரியாகப் பதினான்கு வயதளவில். ஆனால் நல்ல ஆரோக்கியமுள்ள ஒரு பையனுக்கு அது பன்னிரண்டிலும் வரலாம், இன்னொருவனுக்குப் பதினாறுக்கு அருகிலும் வரலாம். அந்த உச்ச ஆண்டில் ஒன்பது பத்து சென்றிமீற்றர்வரை வளர்வது சாதாரணம். தசையும் வலிமையும் அதற்குச் சில மாதங்கள் பின்னால் வந்து சேரும். எனவே ஒரே ஆண்டில் பிறந்து ஒரே அணியில் ஆடும் இரண்டு பதினான்கு வயதுப் பையன்களில், ஒருவனுடைய எலும்பு வயது (எலும்புகள் முதிர்ந்திருக்கும் அளவு) பதினாறாகவும் மற்றவனுடையது பன்னிரண்டாகவும் இருக்க முடியும். முன்னவன் பின்னவனைச் சுவரில் மோதித் தள்ளும்போது பார்வையாளர் காண்பது ஆற்றல் என்று எண்ணுகிறார்கள்; அங்கே நடப்பது பெரும்பாலும் காலண்டர் வயதுக்குள் ஒளிந்திருக்கும் உயிரியல் வயதின் வித்தியாசம். பதினேழு வயதில் இந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது என்பது உண்மை. ஆனால் முற்றாக மறைவதில்லை. குறிப்பாக எடையும் தோள்வலிமையும் இருபதுகளின் நடுப்பகுதிவரை கூடிக்கொண்டே போகக்கூடியவை.

பிறந்த மாதத்தின் செல்வாக்கு இதிலிருந்து வேறானது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. கனடாவில் சிறுவர் ஹொக்கியின் வயதுப்பிரிவு ஜனவரி முதலாம் திகதியில் தொடங்குவதால், ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்தவனாகவே ஒவ்வொரு தேர்வுக்கும் போகிறான். இதை உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடன் சேர்ந்தோரும் 1985இலேயே எழுதிவிட்டார்கள். அதைவிட நமக்குப் பயன்படுவது, 1980 முதல் கால் நூற்றாண்டுக்கு மேலாக என்.எச்.எல். தெரிவு செய்த கனடிய வீரர்களை ஆராய்ந்து ரொபேர்ட் டீனர் குழுவினர் 2013இல் வெளியிட்ட கட்டுரை. ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தோர் தெரிவானவர்களில் 36 விழுக்காடு. ஆனால் பின்னர் ஆடப்பட்ட ஆட்டங்களில் அவர்களின் பங்கு 28 விழுக்காடு மட்டுமே. ஆண்டின் பிற்பாதியில் பிறந்தோர் தெரிவானவர்களில் 34 விழுக்காடாக இருந்து, ஆட்டங்களில் 42 விழுக்காட்டையும் புள்ளிகளில் 44 விழுக்காட்டையும் பெற்றார்கள். சிறுவயதுத் தேர்வுகள் மூத்தவர்களுக்குச் சாதகமாக இருப்பது ஒருவகையில் எதிர்பார்க்கக்கூடியது. பல ஆண்டு அனுபவமுள்ள தொழில்முறைத் தேர்வாளர்கள் பதினெட்டு வயதுக்காரர்களிடமும் அதே பிழையைத் தொடர்ந்து செய்தார்கள் என்பதே இதில் கவனிக்க வேண்டியது. (டிராஃப்டுக்கான எல்லைத் திகதி செப்டெம்பர் 15. செப்டெம்பர் 17இல் பிறந்த ஒஸ்ரன் மத்யூஸ் இரண்டு நாட்களால் 2015 தெரிவைத் தவறவிட்டு, 2016இல் முதலாவதாக ரொறன்ரோவுக்கு வந்தார். எங்கோ ஒரு கோடு கிழித்துத்தானே ஆகவேண்டும்.)

தேர்வாளர்களின் மனத்தில் இரண்டு வகைப் பையன்களுக்கும் ஒரே அளவு பொறுமை கிடைப்பதில்லை. உயரமான பையன் தடுமாறிச் சறுக்கினால், “உடம்புக்குப் பழகிவிடுவான், கைத்திறனைக் கற்றுக்கொடுக்கலாம்” என்கிறார்கள். உயரம் குறைந்தவன் கோல் மேல் கோல் போட்டாலும், “பெரியவர்களுக்கு எதிராகச் செய்து காட்டட்டும்” என்கிறார்கள். அலெக்ஸ் டெப்ரிங்கட் இதற்குத் தெளிவான உதாரணம். 2014-15 பருவத்தில் ஒன்ராறியோ இளையோர் லீக்கின் ஈரி அணிக்காக அவர் 51 கோல்கள் போட்டபோது, அதே அணியில் நட்சத்திர வீரர் கொனர் மக்டேவிட் இருந்ததுதான் காரணம் என்ற பேச்சு எழுந்தது. மக்டேவிட் என்.எச்.எல்.லுக்குப் போன மறு ஆண்டும் அதே 51 கோல்கள் வந்தன. அப்படியிருந்தும் 2016இல் 38 பெயர்கள் வாசிக்கப்பட்ட பிறகே சிக்காகோ அவரை அழைத்தது. என்.எச்.எல்.லிலும் அவர் இரண்டு பருவங்களில் தலா 41 கோல்கள் போட்டிருக்கிறார்.

எதிர்த்திசையில் அடிக்கடி சொல்லப்படும் பெயர் ஹியூ ஜெசிமன். 6 அடி 6 அங்குல உயரமுள்ள இவரை நியூயோர்க் ரேஞ்சர்ஸ் 2003இல் 12ஆவதாக எடுத்தது, அவர் என்.எச்.எல்.லில் ஆடியவை இரண்டே ஆட்டங்கள். அதே டிராஃப்டில் பற்றீஸ் பேர்ஜெரோன் 45ஆவதாகவும் ஜோ பவெல்ஸ்கி 205ஆவதாகவும் போனார்கள். ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள், அன்றே 19ஆவதாக எடுக்கப்பட்ட ரயன் கெற்ஸ்லாஃப் 6 அடி 4 அங்குலம் என்பதையும் அவர் அனஹைம் அணியின் தலைவராக நெடுங்காலம் ஆடியதையும் வசதியாக விட்டுவிடுகிறார்கள். பெரிய பையனை எடுத்ததை நான் தவறென்று சொல்லவில்லை. பெரிய உடலுக்குள் ஆட்ட அறிவு எவ்வளவு இருந்தது என்று கேட்காமல், பின்னால் வந்துவிடும் என்று நம்பியதையே தவறென்கிறேன்.

சரி, திறன் என்றால் எந்தத் திறன்? பெற்றோரும், சில சமயம் பயிற்றுநர்களும், மிகவும் ஏமாறுவது இங்கேதான். எதிரே எவரும் வராதபோது பக்கை மட்டையின் இருபுறமும் வேகமாக உருட்டிக் காட்டுவது கண்ணுக்கு அழகு. மேல்மட்டத்தில் அதற்கு நேரமே கிடைக்காது. உயரம் குறைந்த பையனை மதிப்பிடுகையில், பக் அவனிடம் வந்த பிறகு அவன் செய்வதைவிட, வருவதற்கு ஒரு நொடி முன்பு செய்வதைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கிறானா? சுவரோரம் போகும்போது மோதல் வரும் திசையை முன்னமே அறிந்து, இடுப்பைத் திருப்பி, அடியைப் பாதியாக வாங்கிக்கொண்டு வெளியேறுகிறானா? சறுக்குக் காலணியின் உள்விளிம்பு, வெளிவிளிம்பு இரண்டிலும் ஒரே நம்பிக்கையுடன் திரும்புகிறானா? பக்கை இழந்ததும் துரத்துகிறானா, கையை விரிக்கிறானா? கோலின் முன்னுள்ள நெரிசலுக்குள் தானாகப் போகிறானா, அல்லது ஓரங்களிலேயே சுற்றிச் சுற்றிப் புள்ளி சேர்க்கிறானா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஓரம் என்பது விடையானால், அவனுடைய புள்ளிகள் எத்தனை இருந்தாலும் தேர்வாளரின் தயக்கம் நியாயமானது. சிறுவயதில் கிடைக்கும் வெளி மேலே போகப்போகச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தில் பெரிய பையனின் பலம் சாதாரணமாகிவிடுவதுபோல, சின்னப் பையனின் வேகமும் சாதாரணமாகிவிடலாம்.

பெரிய பையனிடம் கேட்கவேண்டியது இன்னொன்று: இவனுடைய புள்ளிகளில் எத்தனை, எதிரே இருப்பவர்கள் இவனளவு வளர்ந்துவிட்டால் மிஞ்சும்? பதினைந்து வயதில் தோளால் வென்ற பக்குகளை இருபத்திரண்டு வயதில் தோளால் வெல்ல முடியாது. முன்னமே வளர்ந்துவிட்ட பையன்களுக்கு இதில் ஒரு மறைமுகத் தீங்கும் நேர்கிறது. உடலே வேலையை முடித்துவிடுவதால், திரும்பிப் பார்க்கும் பழக்கத்தையும் நெரிசலில் பக்கைக் கொடுத்து வாங்கும் பழக்கத்தையும் அவர்கள் கற்காமலே வளர்கிறார்கள். தாமதமாக வளரும் பையன் தப்பிப் பிழைப்பதற்காகவே அவற்றைக் கற்றுக்கொள்கிறான், அவனை அதுவரை யாரும் வெட்டிவிடாமல் இருந்தால்.

அணிகள் ஏன் மாறுவதில்லை என்று கேட்கலாம், மாறித்தான் வந்திருக்கின்றன. 2004-05 பருவம் முழுதும் ஆட்டங்கள் நின்றுபோன பின், மட்டையால் கொளுவி இழுப்பதையும் கையால் பிடிப்பதையும் நடுவர்கள் கண்டிப்புடன் தண்டிக்கத் தொடங்கினர். விரைந்து சறுக்கும் சிறிய வீரர்களுக்கு அது கதவைத் திறந்தது. 2019இல் 5 அடி 7 அங்குலமுள்ள கோல் கோஃபீல்ட் என்ற வீரரை மொன்றியல் 15ஆவதாக எடுத்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு முதற்சுற்றில் அப்படி ஒரு அழைப்பு எளிதில் நடந்திருக்காது. எந்த அணியும் எடுக்காமலே போன 5 அடி 8 அங்குல மார்ட்டின் சென் லூயி, 2004இல் அதிகப் புள்ளி பெற்றவராகவும் மிகச் சிறந்த வீரராகவும் விருது பெற்று, என்.எச்.எல். வெற்றிக் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணத்தையும் தூக்கினார். ஹட்சனும் கோஃபீல்டும் மொன்றியலில் அவருடைய பயிற்சியின் கீழேயே ஆடி வளர்ந்தார்கள்.

ஆனாலும் பழைய சாய்வு முற்றாகப் போகவில்லை. அதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு: உயரமாகவும் நன்றாகச் சறுக்கக்கூடியவராகவும் உள்ள தற்காப்பு வீரரை வேறு அணியிடமிருந்து வாங்குவது மிகக் கடினம். நியாயமற்ற காரணமும் உண்டு: தோற்றுப்போன உயரமான தெரிவுக்காகத் தேர்வாளரை யாரும் கேலி செய்வதில்லை, தோற்றுப்போன குள்ளமான தெரிவுக்காகச் செய்வார்கள். என் கருத்தில், முதற்சுற்றில் உடலையும் திறனையும் சேர்த்து நிறுப்பதில் தவறில்லை. நான்காம் சுற்றிலிருந்து திறன் குறைந்த பெரிய பையனை எடுப்பதே வீண், ஏனென்றால் அவன் எதிர்பார்த்தபடியே வளர்ந்தாலும் கிடைக்கப்போவது சந்தையில் குறைந்த சம்பளத்துக்கு எப்போதும் கிடைக்கும் ஒரு வீரர்தான். உயரம் குறைந்தவராயினும் பின்னாளில் நட்சத்திரமான ஜொனி கோட்ரோவைக் கல்கரி 2011இல் நான்காம் சுற்றில் எடுத்தது, 104ஆவதாக. அந்தச் சுற்றில் வேறு என்ன கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனிப் பெற்றோருக்கு. பொடி செக்கிங் என்னும் உடல் மோதலை, நாட்டின் ஹொக்கி நிர்வாக அமைப்பான ஹொக்கி கனடா 2013இல் பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் ஆட்டத்திலிருந்து நீக்கியது. அதை அனுமதித்த அல்பேர்ட்டாவில், அனுமதிக்காத கியூபெக்கைவிட அந்த வயதினரின் காயங்களும் மூளையதிர்வுகளும் மூன்று மடங்குக்கு மேல் இருந்ததைக் கரொலின் எமரி குழுவினர் 2010இல் காட்டியிருந்தனர். மோதல் தொடங்கும் ஆண்டும் உயரம் வெடித்து வளரும் ஆண்டும் பல பையன்களுக்கு ஒன்றாகவே வருகின்றன. அப்போது முழங்காற்சில்லுக்குக் கீழே வலிப்பதும், ஆறு மாதங்களுக்கு முன்பு அழகாகச் சறுக்கியவன் கால் எங்கே இருக்கிறதென்று தெரியாதவன்போலத் தடுமாறுவதும் வழக்கம். அந்தத் தடுமாற்றத்தைத் திறன் போய்விட்டதாகப் படிக்காதீர்கள். அந்த மாதங்களில் குதித்தல், பாய்தல் பயிற்சிகளைக் குறைத்து, வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடச் சொல்லாமல் இருந்தால் போதும்.

வளர்ச்சி ஹோர்மோன் ஊசி பற்றியும் கேட்கிறார்கள். உரிய நோய் இல்லாத பிள்ளைக்கு விளையாட்டுக்காக அதைக் கொடுப்பது மருத்துவமன்று, ஊக்கமருந்து விதிகளின்படி தடையும் உண்டு. புரதப் பொடியால் எலும்பு நீளாது. கண்காணிப்புடன் செய்யும் எடைப் பயிற்சியால் உயரம் நின்றுவிடும் என்ற பயத்துக்கும் ஆதாரமில்லை. ஒரே கோடை விடுமுறையில் பதினைந்து இறாத்தல் ஏற்றிவிடத் துடிப்பதுதான், சின்னப் பையனிடம் இருக்கும் ஒரே சொத்தான வேகத்தைக் கரைக்கிறது.

உயரத்தை முன்கூட்டிக் கணிக்க முடியுமா? ஓரளவுக்கு. தந்தை, தாய் இருவரின் உயரத்தையும் சென்றிமீற்றரில் கூட்டி, ஆண்பிள்ளையானால் 13ஐச் சேர்த்து, இரண்டால் வகுப்பது பழைய முறை. தந்தை 170, தாய் 157 என்றால் விடை 170; ஆனால் இரு பக்கமும் எட்டு சென்றிமீற்றரளவு விலகலாம் என்பதால், மகன் 5 அடி 4 அங்குலத்திலும் நிற்கலாம், 5 அடி 10 அங்குலத்திலும் நிற்கலாம். இடது கை மணிக்கட்டின் எக்ஸ்ரேயில் எலும்பு வயதைப் பார்ப்பது இதைவிடத் துல்லியம். அதை மருத்துவர் தேவையென்று கருதினால் மட்டும் செய்யலாம். ஹட்சன் 2022இல் அணிகளைச் சந்தித்தபோது, தன் எலும்பு வளர்ச்சி இன்னும் முடியவில்லை என்று காட்டும் மருத்துவர் கடிதத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தார். அப்போது அவர் 5 அடி 8 அங்குலத்தைச் சற்றே தாண்டியிருந்தார்.

கடிதம் எதுவும் தேவையில்லாத ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். மூன்று மாதத்துக்கொருமுறை, காலையில், காலணி இல்லாமல், நின்ற உயரத்தையும் ஒரே நாற்காலியில் அமர்ந்த உயரத்தையும் குறித்து வையுங்கள். பொதுவாகக் கால்கள் முதலில் நீளும், உடற்பகுதி பின்னால் நீளும். ஆகவே இரண்டு வரிசை எண்களையும் பார்த்தால், உங்கள் மகன் உச்ச வளர்ச்சிக்கு முன்னால் இருக்கிறானா, அதைக் கடந்துவிட்டானா என்று ஓரளவு தெரியும். அடுத்த அணித் தேர்வில் “சின்னவனாக இருக்கிறான்” என்று சொல்லப்பட்டால், அந்தத் தாளைப் பயிற்றுநரிடம் காட்டி, அவனோடு போட்டியிட்ட மற்றப் பையன்கள் வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.