மணலில் வழுக்காத மிதி: நீள்வட்டப் பல்சில்லு எப்படி வேலை செய்கிறது?

வன்னியில் மலை கிடையாது. ஆனால் சைக்கிள் ஓடுகிறவர்களுக்கு ஏற்றம் இருக்கிறது. குளம் இருக்கிற ஊரிலெல்லாம் குளக்கட்டு இருக்கும். கட்டுக்கு ஏறுகிற கிறவல் பாதை சட்டென்று நிமிரும். கோடையில் முல்லைத்தீவுப் பக்கத்து ஒழுங்கைகளில் மணல் சில்லை விழுங்கும். மாரியில் வயலுக்குப் போகிற பாதை களியாகி டயரோடு ஒட்டிக்கொண்டு வரும். இப்படியான இடங்களில் மிதித்தவர்களுக்கு ஒரு விசயம் நன்றாகத் தெரியும். கால் முழுப் பலத்தோடு அழுத்துகிற அந்தக் கணத்தில்தான் பின்சில்லு வழுக்கிச் சுழலும். அடுத்த கணம் ஒரு பெடல் உச்சியிலும் மற்றது அடியிலுமாக நிற்க, வண்டி அப்படியே செத்துப்போகும். பிறகு இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

இந்த இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றுதான். நம்முடைய கால் ஒரு சுற்று முழுவதும் ஒரே அளவாகத் தள்ளுவதில்லை.

வீட்டில் காலால் மிதிக்கிற தையல் மெசின் இருந்தால் இதைக் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம். சில நேரம் மிதிபலகையை எவ்வளவு அழுத்தினாலும் மெசின் அசையாது. அம்மா வலக்கையால் மேலே இருக்கிற சில்லை ஒரு தட்டுத் தட்டிவிடுவார், உடனே ஓடத் தொடங்கும். மிதிபலகையின் தண்டும் கீழ்ச்சில்லின் அச்சும் ஒரே கோட்டில் வந்து நின்றுவிட்டால் அழுத்தம் அச்சைத்தான் அமுக்கும், சில்லைத் திருப்பாது. அந்த இடத்தைச் செத்த புள்ளி என்று வைத்துக்கொள்வோம். சைக்கிளிலும் அதே கதைதான். பெடலைத் தாங்குகிற தண்டு, அதாவது கிராங், கிடையாக முன்னுக்கு நீட்டி நிற்கும்போது காலின் பாரம் முழுவதும் திருப்பு விசையாகிறது. கிராங் நட்டுக்கு நிற்கும்போது பாரம் அச்சில் இறங்கி வீணாகிறது. இரண்டு கால் இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் பலமான இடம் இரண்டு, செத்த புள்ளி இரண்டு.

தார் றோட்டில் இது ஏன் தெரிவதில்லை? உந்தம் காப்பாற்றுகிறது. தொண்ணூறுகளில் பற்றறி கிடைக்காத காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட வீடுகள் இங்கே எத்தனையோ. கை ஒரு கணம் தளர்ந்தாலும் சில்லு தன் வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தபடியால் செய்தி அறுபடாமல் வந்தது. ஏ9 வீதியில் மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் போகிறபோது வண்டியும் ஆளும் சேர்ந்தே அந்தச் சில்லின் வேலையைச் செய்கிறார்கள். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். ஆகவே மணிக்கு 5 கிலோமீற்றரில் ஊர்கிறபோது கையிருப்பில் இருக்கிற ஆற்றல் அதில் 25இல் ஒரு பங்குதான். செயின் ஓடுகிற பல்சில்லுகளில் முன்னால் 32 பல்லும் பின்னால் 42 பல்லும் உள்ள மவுண்டன் சைக்கிளில் 29 அங்குலச் சில்லு என்றால், ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய 1.75 மீற்றர் நகரும். அதாவது 90 சென்ரிமீற்றருக்கு ஒரு செத்த புள்ளி. நிமிடத்துக்கு 50 சுற்று மிதித்தால் நிமிடத்துக்கு நூறு தரம் வண்டி சாகப் பார்க்கிறது. மணலில் அதைத் தாங்கிக் கடக்க உந்தம் போதாது.

நீள்வட்டப் பல்சில்லு இங்கேதான் வேலைக்கு வருகிறது. முன்னால் இருக்கிற பல்சில்லை வட்டமாக வெட்டாமல் கொஞ்சம் நீட்டி வெட்டுகிறார்கள். கால் பலமாக இருக்கிற இடத்தில் ஆரம் கூட, செத்த புள்ளியில் ஆரம் குறைய. 32 பல்லுள்ள நீள்வட்டச் சில்லு பலமான இடத்தில் 34 பல் வட்டச் சில்லைப் போலவும், செத்த புள்ளியில் 30 பல் சில்லைப் போலவும் நடந்துகொள்ளும். வேறுவிதமாகச் சொன்னால், ஒரே சுற்றுக்குள் ஆள் அறியாமலே இரண்டு தரம் கியர் கூடி இரண்டு தரம் குறைகிறது. ஆனால் மொத்தப் பல் 32தான். ஒரு பல்லுக்கு அரை அங்குலம், 12.7 மில்லிமீற்றர். ஒரு முழுச் சுற்றுக்கு இழுபடுகிற செயின் எந்த வடிவமானாலும் 406 மில்லிமீற்றர்தான். சராசரி கியர் இம்மியும் மாறாது.

அளவைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். 32 பல் வட்டச் சில்லின் ஆரம் 65 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. நீள்வட்டத்தில் அது ஏறக்குறைய 61க்கும் 69க்கும் இடையில் போய்வருகிறது. வித்தியாசம் ஒரு பென்சிலின் தடிப்பு, அவ்வளவுதான். இந்தச் சின்ன வித்தியாசம் என்ன செய்யப் போகிறது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

சரி, கணக்குப் பார்ப்போம். விளங்குவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள்தான் இவை. கால் பலமான இடத்தில் 100 பங்கு திருப்புகிறது, செத்த புள்ளியில் 20 பங்கு என்று வைப்போம். வட்டச் சில்லில் செயினின் இழுவையும் அதே 100க்கும் 20க்கும் இடையில் ஏறி இறங்கும். திருப்பு விசையை ஆரத்தால் வகுத்தால் வருவதுதான் செயினின் இழுவை. ஆகவே பலமான இடத்தில் ஆரம் 6 வீதம் கூடினால் இழுவை 94 ஆகக் குறையும். செத்த புள்ளியில் ஆரம் 6 வீதம் குறைந்தால் 21க்குக் கொஞ்சம் மேலே ஏறும். பின்சில்லு மண்ணைத் தள்ளுகிற விசையும் அதே அளவில் மாறும். இப்போது அந்த மணல் 97 பங்குவரைதான் தாங்கும் என்று நினைத்துப் பாருங்கள். வட்டச் சில்லில் ஒவ்வொரு மிதிக்கும் டயர் பிடி விட்டு வழுக்கும். நீள்வட்டத்தில் ஒருதரமும் வழுக்காது. பிடிக்கும் வழுக்கலுக்கும் இடையில் இருப்பது மெல்லிய கோடு. எல்லைக்குக் கிட்டே மிதிக்கிறவனுக்கு 6 வீதம் என்பது ஏறி முடிப்பதற்கும் இறங்கித் தள்ளுவதற்கும் உள்ள தூரம்.

சேற்று வயலில் லான்ட்மாஸ்டர் என்கிற இருசில்லு உழவு எந்திரம் ஓட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. புதைகிற நேரம் திடீரென்று முறுக்கினால் சில்லு இருந்த இடத்திலேயே குழி தோண்டும். மெல்ல, ஒரே சீராக இழுத்தால்தான் வெளியே வரும். எந்திரத்துக்கு அந்தச் சீரைக் கை கொடுக்கிறது. காலுக்குப் பல்சில்லின் வடிவம் கொடுக்கிறது.

இந்த எண்ணம் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே நீள்வட்டப் பல்சில்லுகள் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதன் பெயரைக் கெடுத்தது 1983இல் சைக்கிள் பாகங்கள் செய்கிற ஷிமானோ நிறுவனம் கொண்டுவந்த பயோபேஸ். அதுவும் வட்டமில்லாத சில்லுதான், ஆனால் வைத்த திசை நேர் எதிர்: கால் பலமான இடத்தில் ஆரம் குறைவு, செத்த புள்ளியை ஒட்டிக் கூடுதல். கால் இறங்குகிறபோது சேர்கிற வேகம் செத்த புள்ளியைத் தாண்ட உதவும் என்பது அவர்கள் கணக்கு. ஓடியவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஏறக்குறைய பத்து வருடத்தில் சந்தையிலிருந்து போய்விட்டது. அப்புறம் ‘ஓவல்’ என்றாலே ஆட்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார்கள். 2012இல் சைக்கிள் வீரர் பிரட்லி விக்கின்ஸ் ஒசிமெற்றிக் என்கிற வட்டமில்லாத சில்லோடு தூர் த பிரான்ஸ் போட்டியை வென்ற பிறகுதான் பலர் திரும்பிப் பார்த்தார்கள். வென்றது சில்லால் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கால் எந்தச் சில்லையும் சுற்றியிருக்கும்.

மவுண்டன் சைக்கிளுக்கு இது பொருந்தி வந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. முன்னால் இரண்டு மூன்று பல்சில்லு இருந்த காலத்தில் செயினை ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தள்ளிவிட ஒரு கூடு தேவைப்பட்டது. நீள்வட்டத்தின் விளிம்பு சுற்றுக்கு இரண்டுதரம் ஏறி இறங்குவதால் அந்தக் கூட்டை எந்த உயரத்தில் வைத்தாலும் இடைஞ்சல். 2012இல் ஸ்ராம் நிறுவனம் எக்ஸ்எக்ஸ்1 என்ற தொகுதியைக் கொண்டுவந்து, முன்னால் ஒரேயொரு பல்சில்லு போதும் என்று காட்டியது. பின்னால் 10 பல்லிலிருந்து 42 பல் வரை பதினொரு கியர். முன்சில்லில் பல்லை ஒன்றுவிட்டு ஒன்று தடிப்பாகவும் மெல்லிசாகவும் வெட்டினார்கள். செயினை உற்றுப் பாருங்கள், அதன் கண்ணிகளும் ஒன்றுவிட்டு ஒன்று அகலமும் ஒடுக்கமும்தான். தடித்த பல் அகலக் கண்ணியில் போய் இறுக்கமாக உட்காரும், குலுங்கினாலும் செயின் கழலாது. கூடு போய்விட்டது, நீள்வட்டத்துக்கு இருந்த இடைஞ்சலும் போய்விட்டது. பின்னால் செயினை இழுத்துப் பிடிக்கிற கை ஒவ்வொரு சுற்றிலும் சற்று முன்பின்னாக அசையும். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

பூட்டுகிற விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். இதில் பிழை விட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். எனக்கே நடந்தது. கனடாவிலிருந்து வந்த மச்சான் கொண்டுவந்து தந்த சில்லை ஒரு கடையில் கொடுத்துப் பூட்டினேன். முதல் நாளே மிதி துள்ளியது. பலமான இடத்தில் கால் வெறுமனே விழுந்தது, செத்த புள்ளியில் சுவரில் முட்டியதுபோல நின்றது. மூன்று நாள் பொறுத்தேன், முழங்கால் நோகத் தொடங்கியது. நாலாம் நாள் சைக்கிளை முற்றத்தில் நிறுத்தி, கிராங்கைக் கிடையாக வைத்து, பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். சில்லின் நீண்ட பக்கமும் கிராங்கோடு சேர்ந்து கிடையாக இருந்தது.

கிராங் கிடையாக இருக்கும்போதுதானே கால் பலமாக இருக்கிறது, ஆகவே நீண்ட பக்கமும் கிராங் பக்கமாக இருப்பதுதானே சரி என்று யாருக்கும் தோன்றும். அது பிழை. செயின் இழுபடுவது சில்லின் முன்பக்கத்தில் அல்ல, மேல்பக்கத்தில். மேலே போகிற செயினுக்கும் கிராங் அச்சுக்கும் இடையில் இருக்கிற தூரம்தான் வேலை செய்கிற ஆரம். அது கூடவேண்டுமென்றால் கிராங் கிடையாக இருக்கும்போது நீண்ட பக்கம் நட்டுக்கு நிற்கவேண்டும். இன்னும் நுணுக்கமாகச் சொன்னால், கிராங் கிடைநிலையைச் சற்றுத் தாண்டிய பிறகுதான் ஆரம் உச்சத்துக்கு வருகிறமாதிரிப் பெரும்பாலான சில்லுகளை வெட்டியிருக்கிறார்கள்.

நாலு போல்ட்டில் பூட்டுகிற சில்லு என்றால் ஒரு துளை தள்ளிப் பூட்டினாலே 90 பாகை திரும்பிவிடும். அப்போது அது பயோபேஸின் பக்கம் போய்விடுகிறது. என் மூன்று நாள் நோவுக்குக் காரணம் அதுதான். இரண்டு துளை தள்ளினால் மட்டும் பழையபடி சரியாகிவிடும், நீள்வட்டம் 180 பாகைக்கு ஒருதரம் தன்னையே ஒக்கும். சில்லில் சின்னதாக ஒரு புள்ளியோ அம்புக்குறியோ வெட்டியிருப்பார்கள். அது கிராங் தண்டின் பக்கம் வரவேண்டுமா, எங்கே வரவேண்டும் என்பதைக் கூட வருகிற தாளில் பார்த்துவிட்டுத்தான் போல்ட்டை இறுக்கவேண்டும். நீண்ட பக்கம் வழக்கத்தைவிட 4 மில்லிமீற்றர் வெளியே நீள்வதால், சில்லைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, பின்சில்லுக்குப் போகிற சட்டத்தில் உரசுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் கழற்றித் திருப்பிப் பூட்டிய அன்று பின்னேரமே குளக்கட்டுக்குப் போனேன். ஏற்றத்தின் நடுவில் எப்போதும் டயர் வழுக்குகிற ஒரு சரளைத் திட்டு இருக்கிறது. அதில் கல் நெரிகிற சத்தம் இரண்டிரண்டாக வெட்டி வெட்டி வரும். அன்று சத்தம் அறாமல் ஒரே இழையாக வந்தது. மேலே ஏறி நின்று திரும்பிப் பார்த்தேன், மண்ணில் டயர்க் கட்டைகளின் தடம் ஒன்றும் சிதையாமல் வரிசையாகப் பதிந்திருந்தது.

இது காலுக்குப் புதிதாகப் பலம் தருவதில்லை. ஆய்வுகூடங்களில் ஒட்சிசன் செலவை அளந்து பார்த்தவர்கள் வட்டத்துக்கும் நீள்வட்டத்துக்கும் பெரிய வித்தியாசத்தைத் தெளிவாகக் காட்டவில்லை. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குத் தார் றோட்டில் போகிறவருக்கு நான் இதை வாங்கச் சொல்லமாட்டேன். இருக்கிற பலத்தைச் சுற்றுக்குள் பரவலாகப் பங்கிடுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. மெதுவாக, பாரமாக, பிடியில்லாத நிலத்தில் மிதிக்கிறவருக்கு அந்தப் பங்கீடு பெரிய காரியம்.

அப்படிப் பார்த்தால் இது மிகவும் தேவைப்படுவது விலை கூடிய கியர் சைக்கிளுக்கு அல்ல. கரியரில் தண்ணீர்க் கானும் விறகும் நெல்மூட்டையும் கட்டி மணல் ஒழுங்கையில் மிதிக்கிற சாதாரண லுமாலா சைக்கிளுக்குத்தான். கியர் இல்லாத வண்டியில் செயின் தளர்ந்து இறுகாதா என்று கேட்பார்கள். பெரிதாக இல்லை. செயின் எப்போதும் சில்லின் அரைவாசியைத்தான் சுற்றிக் கிடக்கிறது. நீள்வட்டத்தை நடுவால் எந்தப் பக்கம் வெட்டினாலும் சுற்றளவு சரிபாதியாகத்தான் பிரியும். ஆகவே செயினின் தொய்வு கொஞ்சம்தான் மாறும், வழக்கமாக விடுகிற தொய்வே அதற்குப் போதும். தடையாக இருப்பது வேறொன்று: பழைய மாதிரிச் சைக்கிள்களில் பல்சில்லு வலப்பக்கக் கிராங்கோடு ஒன்றாகவே பொருத்தி வருகிறது, சில்லை மட்டும் கழற்ற ஏலாது. கிராங்கோடு சேர்த்து நீள்வட்டமாகவே ஒன்றை வார்த்து, ஊர்க் கடையில் வாங்கக்கூடிய விலைக்கு யாராவது கொண்டுவந்தால், முதல் ஆளாக வாங்கி எங்கள் வீட்டுப் பழைய சைக்கிளில் நானே பூட்டுவேன், நீண்ட பக்கம் எங்கே நிற்கிறது என்று பார்த்து.