முன் ஆக்ஸில் உருண்டையில் கசிவு: லேண்ட் குரூசர் 80-ஐ வீட்டில் பிரிக்கும் முன்

முன் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தால், ஆக்ஸில் குழாய் முடியும் இடத்தில் ஒரு இரும்பு உருண்டை தெரியும். அதன் மேல் லேசாக எண்ணெய் பூசியதுபோல் இருந்தால் நல்லது, சீல் (எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் வளையம்) வேலை செய்கிறது. கறுப்பாக, கஞ்சிபோல் நீர்த்து வழிந்து, டயரின் உள்பக்கத்தில் தெறித்திருந்தால் நக்கிளை, அதாவது உருண்டையை மூடிச் சக்கரத்தோடு திரும்பும் இரும்புக் கூட்டை, பிரிக்கும் காலம் வந்துவிட்டது.

டொயோட்டா லேண்ட் குரூசர் 80 வரிசையை வைத்து இதை எழுதுகிறோம். அதற்கு முந்தைய 60 வரிசையிலும் முன் ஆக்ஸில் ஏறக்குறைய இதே அமைப்புதான். மாருதி ஜிப்ஸியிலும் உருண்டையும் ஷிம்மும் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) உண்டு. ஆனால் அதன் அளவுகள் வேறு, இங்கே சொல்லும் எண்களை அதில் போடாதீர்கள்.

கசிவைக் கண்டதும் பலர் செய்வது, உருண்டையைச் சுற்றியுள்ள வைப்பர் சீலை மட்டும் மாற்றுவது. அது வீண் செலவு. நக்கிளுக்குள் இருக்க வேண்டியது கெட்டியான மாலி கிரீஸ் (மாலிப்டினம் கலந்தது). டிஃபரென்ஷியலில் (ஆக்ஸிலில் உள்ள பல்சக்கரப் பெட்டி) இருப்பது கியர் ஆயில். இரண்டையும் பிரித்து வைப்பது ஆக்ஸில் குழாய்க்குள் இருக்கும் ஒரு சிறிய ஆயில் சீல். அது தேய்ந்தால் ஆயில் நக்கிளுக்குள் புகுந்து கிரீஸைக் கரைக்கும். வெளியே எத்தனை புது வைப்பர் போட்டாலும் அந்தக் கரைசல் நிற்காது.

உள் சீல் ஏன் தேய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நக்கிளின் மேலும் கீழும் உள்ள டிரன்னியன் பேரிங் (நக்கிள் இடவலமாகத் திரும்புவது இதன் மேல்தான்) தளர்ந்தால், சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் நடுவில் நிற்காமல் சீலின் ஒரு பக்கத்தை அரைக்கும். அடுத்தது பிரீதர், ஆக்ஸிலுக்குள் காற்று போய்வரும் சிறு வழி. அது மண்ணடைத்துப் போனால் ஆக்ஸில் சூடாகும்போது உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலை சீல் வழியே தள்ளும். சூடான ஆக்ஸிலோடு ஆற்றில் இறங்கினால் நேர்மாறு, சட்டென்று குளிர்ந்து தண்ணீரை உள்ளே இழுக்கும். பிரீதரைத் தொடாமல் சீல் மட்டும் மாற்றினால் அதே வேலையை மறுபடியும் செய்வீர்கள்.

வாங்க வேண்டியவை: இரு பக்கத்துக்கும் சீல், கேஸ்கெட் கொண்ட கிட், டிரன்னியன் பேரிங் 4, வீல் பேரிங் உள்ளும் புறமுமாக 4, ஹப் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதி) நட்டின் லாக் வாஷர் 2, மாலி கிரீஸ் 2 கிலோ, வீல் பேரிங் கிரீஸ் அரை கிலோ, கியர் ஆயில் 3 லிட்டர். கருவியில் 54 மி.மீ. ஹப் சாக்கெட், டார்க் ரெஞ்ச், பித்தளைத் தண்டு, கொக்கித் தராசு ஆகியவை கட்டாயம். ஹப் நட்டை உளியால் அடித்துத் திருப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நட்டும் கெடும், டைட்டும் தெரியாது.

ஜாக்கியை நம்பி வேலை செய்யாதீர்கள். ஆக்ஸிலுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை. ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகு மறுபக்கத்தைத் தொடுங்கள். எது எங்கே இருந்தது என்று குழம்பினால் பிரிக்காத பக்கம் காட்டிக்கொடுக்கும். முதல் தடவை என்றால் பக்கத்துக்கு ஒரு முழு நாள் ஆகும்.

ஆயிலை வடித்து, கேலிப்பரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்க விடாதீர்கள். ஹப் பிளேட்டின் நட்டுகளை எடுத்தாலும் பிளேட் வராது. ஒவ்வொரு ஸ்டட்டையும் (தலையில்லாத மரைத்தண்டு) ஒரு கோன் வாஷர் (கூம்பு வடிவ வாஷர்) இறுகப் பிடித்திருக்கும். ஸ்டட்டின் முனையில் பித்தளைத் தண்டை வைத்து ஓங்கி ஒரு அடி கொடுத்தால் வாஷர் துள்ளி வெளியே வரும். இரும்புச் சுத்தியல் நேரடியாகப் பட்டால் மரை நசுங்கும். ஸ்பிண்டிலை (ஹப் சுழலும் குழாய்) எடுத்த பின், பர்ஃபீல்ட் ஜாயின்டின் (ஷாஃப்டின் வெளிமுனையில், சக்கரம் திரும்பினாலும் சுழல விடும் குண்டு மூட்டு) தட்டையான பக்கங்கள் மேலும் கீழும் வரும்படி திருப்பினால்தான் ஷாஃப்ட் வெளியே வரும்.

மேல் மூடியிலும் கீழே ஸ்டியரிங் ஆர்மிலும் உள்ள ஷிம்களைத் தனித்தனிக் கவரில் போட்டு, மேல், கீழ், இடது, வலது என்று எழுதி வையுங்கள். இதைக் கலந்துவிட்டால் மற்ற எல்லாக் கவனமும் வீண்.

பாதி நேரம் கழுவுவதற்கே போகும். டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவித் துடைத்து உலர்த்துங்கள். பர்ஃபீல்ட் ஜாயின்டைக் கையில் எடுத்து, உள்ளே குண்டு ஓடும் தடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் தேய்மானம். கூட்டில் விரிசல் இருந்தால் அந்த ஜாயின்டைத் தூக்கிப் போடுங்கள். முழுதாக ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக்' என்று கேட்ட சத்தம் பெரும்பாலும் இதுதான். தேய்மானம் லேசாக இருந்தால் இடது ஜாயின்டை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றலாம். முன்னோக்கி ஓடும்போது சுமை தேயாத முகத்துக்குப் போகும்.

புது உள் சீலை, ஸ்பிரிங் உள்ள முகம் டிஃபரென்ஷியலைப் பார்க்க, கோணாமல் அடித்து இறக்குங்கள். லிப்பில் கிரீஸ் தடவுங்கள். புது சீல் ஒரே மாதத்தில் கசிவதற்கு நாங்கள் அதிகம் காணும் காரணம் அடுத்த வேலைதான். ஷாஃப்டை உள்ளே விடும்போது அதன் எடையைச் சீலின் மேல் சாய்த்தால் ஸ்ப்ளைனின் பற்கள் ரப்பரைக் கீறிவிடும். ஒரு கையால் ஷாஃப்டைத் தூக்கிப் பிடித்தபடியே விட வேண்டும். பொறுமை இல்லையென்றால் இன்னொருவரைத் துணைக்கு அழையுங்கள்.

அதற்கு முன் டிரன்னியனின் இறுக்கம். வைப்பரின் ரப்பர், ஃபெல்ட் வளையங்களை முதலில் உருண்டையில் மாட்டிவிட்டு (மறந்தால் நக்கிளை மறுபடி கழற்ற வேண்டும்), அவற்றை நக்கிளில் முடுக்காமல் விடுங்கள். ஷாஃப்டும் இல்லாமல் நக்கிளைப் பூட்டி, ஆர்மில் டை ராட் (இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) மாட்டும் துளையில் கொக்கித் தராசை மாட்டி, ஆர்முக்குச் செங்குத்தாக இழுங்கள். நக்கிள் நகரத் தொடங்கும்போது 3 முதல் 4.5 கிலோ காட்டினால் சரி. குறைந்தால் ஷிம் எடுக்க வேண்டும், கூடினால் சேர்க்க வேண்டும். 0.1 மி.மீ. கூட வித்தியாசம் காட்டும். ஒரே பக்கத்தில் நிறைய எடுத்தால் சென்டர் நகர்ந்து சீல் மறுபடி ஒருபக்கமாகத் தேயும். இந்த இறுக்கம் இல்லாத வண்டிதான் வேகத்தில் ஒரு குழியில் இறங்கியதும் ஸ்டியரிங் உதறத் தொடங்கும்.

இந்த வேலையில் எங்களை உண்மையில் பயமுறுத்துவது கசிவு அல்ல, நக்கிள் ஸ்டட்டுகள். ஆர்மைப் பிடித்திருக்கும் நான்கு ஸ்டட்டும் எண்ணெயில் ஊறித் தளர்ந்தால், ஆர்ம் ஆடி ஆடி அவற்றை ஒவ்வொன்றாக ஒடிக்கும். ஆர்ம் கழன்றால் அந்தச் சக்கரம் உங்கள் கையில் இல்லை. மரையில் எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடையுங்கள். இழுபட்ட ஸ்டட்டை மாற்றுங்கள். கோன் வாஷர் போட்டு 96 நியூட்டன் மீட்டர் கொடுங்கள். கைக்கணக்கு இங்கே வேண்டாம்.

ஜாயின்டுக்குள் கிரீஸைப் பிதுக்கி அடைத்து, நக்கிளின் உள்வெளியில் முக்கால் பாகம் நிரப்புங்கள். விளிம்புவரை திணித்தால் சூட்டில் விரிந்து வைப்பரைத் தள்ளும். வீல் பேரிங்கை உள்ளங்கையில் வைத்து, கிரீஸ் மறுபக்கம் பிதுங்கும்வரை அழுத்தி நிரப்புங்கள். பேரிங்கும் அதன் கப்பும் ஒரே ஜோடியாக மாற வேண்டும்.

ஹப் நட்டை 59 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, ஹப்பை இருபுறமும் சுழற்றி, தளர்த்தி, மறுபடி மெதுவாக இறுக்குங்கள். வீல் ஸ்டட்டில் தராசை மாட்டி இழுத்தால் 2.9 முதல் 5.7 கிலோவுக்குள் ஹப் நகர வேண்டும். லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள், பெரும்பாலும் கூடியிருக்கும். லாக் வாஷரின் காதுகளை ஒன்றை உள்பக்கமும் ஒன்றை வெளிப்பக்கமும் மடக்கினால் ஹப் முடிந்தது.

வண்டியை நகர்த்தும் முன் பிரேக் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். டிஃபரென்ஷியலில் ஆயில் ஊற்றாமல் கிளம்பியவர்களும் உண்டு, நிரப்பும் துளையின் விளிம்புவரை இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். 20 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி ஹப்பைத் தொடுங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாவிட்டால் பேரிங் அதிகமாக இறுகியிருக்கிறது. 1,000 கிலோமீட்டரில் ஸ்டட்டுகளை அதே 96-க்கு மறுபடி சோதியுங்கள். அப்போது ஏதாவது ஒரு நட் திரும்பினால் இன்னொரு 1,000 கிலோமீட்டரில் திரும்பவும் பாருங்கள். மறுபடியும் திரும்பினால் அந்த ஸ்டட்டைக் கழற்றிப் புதிது போடுங்கள்.